பழைய பிக்கப்பும் பேக்னால்டு துரையின் தண்ணீர் டின்னும்

போன சித்திரையில் ஒரு மத்தியானம். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வர்ற மணல் பாதையில், முருங்கைக்காய் லோடோட என் பிக்கப் புதைஞ்சு நின்னுச்சு. நிற்கிறதுக்கு முன்னாடியே பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸுன்னு ஆவி. பக்கத்தில் வீட்டுக்காரி. கையில் ஒரு லிட்டர் பாட்டிலில் பாதித் தண்ணி. நான் அந்த பாட்டிலைப் பார்த்தேன். அவ சொன்னா, "குடிக்கிறதுக்கு வச்சிருக்கேன், வண்டிக்குக் கேக்காதீங்க."

எங்க ஊர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரி ஓரத்தில் இருக்கு. தேரின்னா என்னன்னு சென்னையில் இருக்கிறவங்க கேக்கலாம். செம்மணல் மேடு. இரும்புத் துரு ஏறின மாதிரி சிவந்து கிடக்கும். ஆனி, ஆடிக் காத்தில் மணல் பறந்து இடம் மாறும். பனையும் முந்திரியும் கொல்லாமரமும் பிடிச்சு வச்சிருக்கிறதால்தான் ஊர் பிழைச்சுக் கிடக்கு. (முந்திரியும் கொல்லாமரமும் ஒண்ணுதான்; எங்க வாயில் ரெண்டு பேரும் வரும்.) அந்த மணலில் வெயில் ஏறினா செருப்பில்லாம நிக்க முடியாது.

பதநீர் இறக்க வந்த ஒரு பனையேறி அண்ணாச்சி தூரத்திலிருந்து பார்த்துட்டு வந்தார். எழுபது வயசுக்குக் குறையாது. வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தார். "தம்பி, ஆக்சிலேட்டரை மிதிக்காதீரும். மிதிக்க மிதிக்கக் குழிதான் தோண்டும். நாலு டயர்லயும் காத்தைப் பாதி இறக்கும்"னார். அப்புறம் காஞ்ச பனமட்டையை ஓலையோட இழுத்து வந்து பின் டயருக்கு முன்னாடி வரிசையா அடுக்கினார். இஞ்சின் ஆறினதும் மெதுவா எடுத்தேன். வண்டி மட்டை மேல ஏறி, பாய் மேல நடக்கிற மாதிரி வெளியே வந்துச்சு.

காய் சந்தைக்குப் போய்ச் சேர்றதுக்குள் ஏலம் முடிஞ்சிருந்தது. அன்னைக்கு வந்த விலை, பறிப்புக் கூலிக்குத்தான் சரியாப் போச்சு.

இதைக் கேட்டுட்டு சென்னையில் வேலை பார்க்கிற மகன் ஒரு பட்டியல் அனுப்பினான். அவனுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. எங்க பிக்கப்பில் கடற்கரை ஓரமாவே உவரியிலிருந்து கோடியக்கரை வரைக்கும், வண்டியிலயே படுத்து எழுந்திரிச்சுப் போகணும்னு. "அப்பா, வண்டியை ரெடி பண்ணிட்டா உங்களுக்கும் ஆகும், நமக்கும் ஆகும்." பட்டியலில் வண்டியைத் தூக்கி வைக்கிற கிட், பெரிய டயர், முன்னாடி வின்ச், மேலே மடக்கு கூடாரம், எல்.இ.டி. லைட் வரிசை எல்லாம் இருந்துச்சு. மொத்தம் 2,80,000 ரூபாய். வண்டி 2008 மாடல். வித்தா அவ்வளவு வராது. இன்னொரு பக்கம் ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரையே மாத்தணும், ஹெட்டையும் இறக்கிப் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. அந்த வண்டி ஓடினாத்தான் எனக்குச் சந்தை. என்ன செய்யன்னு தெரியாம ரெண்டு வாரம் ஓடிச்சு.

அந்தச் சமயத்தில்தான் தேரி மணலை ஆராய்ச்சி பண்ண ஒரு கல்லூரிப் பொண்ணு வந்து எங்க வீட்டில் ரெண்டு நாள் தங்குச்சு. மண்ணைச் சல்லடை போட்டு, பை பையாக் கட்டி எழுதி வச்சுக்கும். ராத்திரி சாப்பிடும்போது பனமட்டைக் கதையைச் சொன்னேன். அது சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, மணல் எப்படிப் பறக்குதுன்னு நாங்க படிக்கிற முதல் புத்தகத்தை எழுதினவரே, இப்படி கார் புதைஞ்சு புதைஞ்சுதான் அதில் இறங்கினார்"னு சொல்லுச்சு. பேரு ரால்ஃப் பேக்னால்டு. அதிலிருந்து நாலஞ்சு மாசமா எனக்கு ராத்திரி வேலை அவரைப் பத்திப் படிக்கிறதுதான். படிச்சதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வச்சிருக்கிற யாருக்காவது உதவும்.

தகர டப்பா கார்

பேக்னால்டு 1896-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பட்டாளத்து இஞ்சினியர். போர் முடிஞ்சு கேம்பிரிட்ஜில் இஞ்சினியரிங் படிச்சார். 1926-ல் எகிப்துக்கு மாத்தலாகி வந்தார். கெய்ரோவில் மற்ற ஆபீசர்கள் லீவு நாளில் போலோ ஆடப் போக, இவரும் நாலஞ்சு கூட்டாளிகளும் ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கிட்டுப் பாலைவனத்துக்குள் கிளம்பினார்கள்.

மாடல் டி-யைப் பத்தித் தெரிஞ்சாத்தான் இதிலுள்ள துணிச்சல் புரியும். 1908-லிருந்து 1927 வரைக்கும் ஃபோர்டு கம்பெனி ஒன்றரைக் கோடிக் கார் செய்து தள்ளின மாடல் அது. இஞ்சின் சக்தி 20 குதிரைதான். தண்ணியைச் சுத்தவிட பம்பு கிடையாது; சூடான தண்ணி மேலே போகும், ஆறின தண்ணி கீழே இறங்கும், அவ்வளவுதான் குளிர்விக்கிற ஏற்பாடு. பெட்ரோலும் டேங்கிலிருந்து தானா வழிஞ்சுதான் இஞ்சினுக்குப் போகணும். செங்குத்தான மேட்டில் டேங்க் தாழ்ந்துட்டா பெட்ரோல் வராது. அதனால் மேடுகளில் ரிவர்ஸில் ஏறுவாங்களாம்.

இதே காலத்தில் எகிப்து இளவரசர் கெமால் எல் தீன் அதே பாலைவனத்துக்குள் போனார். அவர் கொண்டுபோனது பின்பக்கம் டாங்கி மாதிரி பட்டை ஓடுற சிட்ரோயன் வண்டிகள். எண்ணெயும் சாப்பாடும் கொண்டுபோய் முன்கூட்டியே இறக்கி வைக்க ஒட்டகக் கூட்டம். பெரிய பீடபூமி ஒண்ணைப் பார்த்து, 1926-ல் அதுக்கு கில்ஃப் கெபிர்னு பேர் வச்சார். இளவரசருக்கு முடியும். சம்பளத்தில் வாழ்ற ஆபீசர்களுக்கு அது கட்டுபடியாகுமா? பேக்னால்டு கூட்டம் தங்கள் லீவையும் தங்கள் காசையும் போட்டுத்தான் போனது. அதனால் அவங்க கேட்ட கேள்வியே வேற. 'என்ன வாங்கி மாட்டலாம்'னு யோசிக்காம, 'எதைக் கழட்டலாம்'னு ஆரம்பிச்சாங்க.

பானட், மட்கார்டு, முன் கண்ணாடி, தகர உடம்பு எல்லாத்தையும் கழட்டிப் போட்டாங்க. அதுக்குப் பதில் லேசான மரப்பெட்டி. எடை குறைஞ்ச அளவுக்குத் தண்ணியும் பெட்ரோலும் ஏத்தலாம். டயரில் காத்தைக் குறைச்சா, டயர் தட்டையா விரிஞ்சு மணல் மேல மிதக்கும்னு கண்டுக்கிட்டாங்க. ஒட்டகத்தின் பாதம் விரிஞ்சிருக்கிற மாதிரி. எங்க பனையேறி அண்ணாச்சி சொன்னதும் அதுதானே.

அப்புறம் மட்டைக் கதை. புதைஞ்ச டயருக்கு அடியில் போட கயித்து ஏணி, கான்வாஸ் எல்லாம் வச்சுப் பார்த்தாங்க. கடைசியில் கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில், போரின்போது பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்த இரும்புச் சட்டங்கள் கிடைச்சது. பள்ளமா வளைஞ்ச நீளச் சட்டம். பின் டயருக்கு முன்னாடி மணலை மண்வெட்டியால் சரிச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு வச்சா, வண்டி தண்டவாளத்தில் ஏறின மாதிரி கிளம்பிடும். இன்னைக்குப் பாலைவனப் பயணம் போறவங்க வண்டியில் ரெண்டு பக்கமும் பளபளன்னு தொங்குற பிளாஸ்டிக் பலகைகளைப் படத்தில் பார்த்திருப்பீங்க. இந்த இரும்புக் கடைச் சரக்கு செய்த வேலையைத்தான் அதுவும் செய்யுது.

கொதிச்ச தண்ணி திரும்பி வந்த கதை

எனக்கு இதிலே ரொம்பப் பிடிச்சது அவங்க தண்ணியைக் காப்பாத்தின விதம். மணலில் வண்டி உழைக்கும்போது ரேடியேட்டர் கொதிக்கும். கொதிச்ச ஆவி, மேலேயுள்ள குழாய் வழியா வெளியே போயிரும். கிணறில்லாத நாட்டில் நூத்துக்கணக்கான மைல். மனுசனுக்கு வச்ச தண்ணியை வண்டி குடிக்கும். வீட்டுக்காரி பாட்டிலை இறுக்கிப் பிடிச்ச அதே பிரச்சினைதான்.

அவங்க ரேடியேட்டரின் ஆவிக்குழாயை ஒரு ரப்பர் ஹோஸால் நீட்டி, வண்டிக்குப் பக்கவாட்டில் கட்டின ரெண்டு காலன் தகர டின்னுக்குள்ள விட்டாங்க. டின்னில் பாதி தண்ணி. ஆவி அந்தத் தண்ணிக்குள்ளே போய்க் குளிர்ந்து தண்ணியாயிடும். டின்னும் கொதிச்சு டிரைவர் மேல சுடுதண்ணி தெறிக்க ஆரம்பிச்சா, வண்டியைக் காத்துக்கு முகம் காட்டி நிறுத்தணும். ஒரு நிமிசம் காத்திருந்தா ரேடியேட்டர் ஆறும். உள்ளேயிருந்த ஆவி சுருங்கி வெற்றிடமாகும். உடனே டின்னில் இருக்கிற தண்ணி முழுசையும் கடகடன்னு அதுவே உறிஞ்சி எடுத்துக்கும். ஒரு சொட்டு வீணில்லை. குழாயில் எங்கயும் காத்து புகக் கூடாது. அது ஒண்ணுதான் நிபந்தனை.

இந்த யோசனை முழுக்க பேக்னால்டுடையது இல்லை. முதல் உலகப் போரிலேயே, மேற்கு எகிப்தில் சனூசிகளோடு நடந்த சண்டையில், மாடல் டி கார்களோடு சுத்தின சின்னப் படைப்பிரிவுகள் இதையெல்லாம் செய்து பார்த்திருந்தன. பேக்னால்டு அதைத் தேடிப் படிச்சு, சரிபண்ணி, ஒழுங்கா ஆக்கினார். திசை பார்க்கிறதும் அப்படித்தான். காந்த ஊசி, காரின் இரும்பு பக்கத்தில் இருந்தா பொய் சொல்லும். ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தி, தூர நடந்துபோய்ப் பார்க்கணும். அதுக்கு ஒரு வட்டத் தட்டின் நடுவில் ஊசியை நிறுத்தி, அதன் நிழலை வச்சு ஓட்டிக்கிட்டே திசை பார்க்கிற சூரியத் திசைகாட்டியை அவர் திருத்தி அமைச்சார். எங்க தாத்தா தன் நிழலை அடியால் அளந்து மணி சொல்லுவார். அதே நிழல்தான்.

1929, 1930, 1932 வருசங்களில் அவங்க பெரிய மணல் கடலுக்குள்ளேயே போயிட்டு வந்தாங்க. மாடல் டி-க்குப் பின்னால் வந்தது மாடல் ஏ. அதில் 40 குதிரை சக்தி, தண்ணி பம்பும் உண்டு. வீடு உயர மணல்மேட்டில் கார் ஏறாதுன்னு எல்லாரும் நினைச்சிருந்த காலம். காத்து அடிக்கிற பக்கம் மணல் இறுகிக் கெட்டியா இருக்கும், மறுபக்கம் சரிவில்தான் பொலபொலன்னு இருக்கும்னு இவங்க கவனிச்சாங்க. கெட்டிப் பக்கமா வேகம் பிடிச்சுப் போனா, கார் நிக்காம உச்சிக்கே ஏறுச்சு. தேரியில் மாடு ஓட்டுற பயலுக்கும் எந்தப் பக்கம் கால் புதையும்னு தெரியும். ஆனா அதை அளந்து எழுதினவர் பேக்னால்டு. ராணுவத்தை விட்டு வந்த பிறகு, லண்டனில் காத்தை ஊதிவிடுற நீளப் பெட்டி ஒண்ணைத் தானே கட்டி, உள்ளே மணலைப் பறக்கவிட்டுப் பார்த்தார். 1941-ல் புத்தகமா வந்தது. செவ்வாய் கிரகத்து மணல்மேடுகளை ஆராயுறவங்ககூட இன்னைக்கும் அதைப் புரட்டுறாங்க.

ஆறு வாரம், கடையில் வாங்கின லாரி

1940 ஜூனில் இத்தாலி போரில் குதிச்சது. லிபியா அவங்க கையில். எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்குத் தெற்கே என்ன நடக்குதுன்னு பார்க்க ஆளில்லை. ஓய்வு பெற்று, போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட பேக்னால்டு, தளபதி வேவலைப் பார்த்து ஒரு திட்டம் சொன்னார். பாலைவனத்துக்குள்ளேயே சுத்தி வேவு பார்க்கிற சின்னப் படை. கிடைச்ச அவகாசம் ஆறே வாரம்.

பட்டாளத்து வண்டி எதுவும் ஒத்து வரலை. கடைசியில் தேர்ந்தெடுத்தது ஒன்றரை டன் செவ்ரோலே லாரி. கடைக்காரங்களும் சரக்கு ஏத்துறவங்களும் வாங்குற சாதாரண வண்டி. பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். கொஞ்சம் கம்பெனியிடம் வாங்கினாங்க, மீதியை எகிப்து ராணுவத்திடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாங்க. கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் கழட்டியாச்சு. பின்னாடி பட்டை கூட்டியாச்சு (லீஃப் ஸ்பிரிங்கை ஒர்க்‌ஷாப்பில் பட்டைன்னுதான் சொல்லுவோம்). முன்னாடி தண்ணி டின், பக்கத்தில் இரும்புச் சட்டம், டேஷ்போர்டில் சூரியத் திசைகாட்டி. பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி லீவு நாளில் கத்துக்கிட்டது அத்தனையும் அப்படியே வேலைக்கு வந்துச்சு.

ஆள் யாரு? இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியூசிலாந்துப் படையிலிருந்து ஆள் கேட்டார். தொண்டர்களா வந்தவங்களில் நிறையப் பேர் விவசாயிகள். ஊரிலிருந்து தூரத்தில் தனிப் பண்ணையில் இருந்து, தன் வண்டியைத் தானே பிரிச்சு மாட்டிப் பழகினவங்க. வண்டி சத்தம் மாறினா கண்டுபிடிக்கிற காது. இருக்கிற பொருளை வச்சு ஒப்பேத்துற கை. செப்டம்பரிலேயே முதல் பயணம் கிளம்பிட்டாங்க. லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்னு பின்னால் பேர் வாங்கின படை இதுதான். லாரிகளுக்குத் தங்கள் நாட்டு மாவோரி மொழியில் பேர் எழுதி வச்சாங்க. என் வண்டி நெத்தியில் 'கருக்குவேல் அய்யனார் துணை'ன்னு இருக்கு. தூரம் போறவன் வண்டிக்குப் பேர் வைக்காம இருக்கமாட்டான் போல.

அவங்க கணக்கில் இன்னொரு பாடம் உண்டு. 1941-ல் பழைய செவ்ரோலே தேய்ஞ்சு போச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்டு லாரி கொடுத்தாங்க. நம்ம பசங்க கேட்டா துள்ளிக் குதிப்பாங்க. ஆனா அது எடை கூடினது. பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளுச்சு. பெட்ரோல் கூட எடுத்துட்டுப் போனா எடை இன்னும் கூடும், எடை கூடினா இன்னும் குடிக்கும். 1942-ல் புது வண்டி வந்தப்போ, மறுபடி பின் சக்கரம் மட்டும் இழுக்கிற செவ்ரோலேவுக்கே திரும்பிட்டாங்க.

பெட்ரோல் கொண்டுபோன டின்னும் தொல்லைதான். நம்ம கடையில் எண்ணெய் வர்ற டின் மாதிரி, நாலு காலன் தகர டின். குலுங்கினா ஓரம் விட்டு ஒழுகும். ஜெர்மன்காரங்களோட 20 லிட்டர் இரும்பு கேன் கையில் கிடைச்சப்போ அதை விடவே இல்லை. 'ஜெர்ரி கேன்'ங்கிற பேரு அப்படி வந்ததுதான்.

இருநூத்திப் பத்து மைல்

வண்டி நல்லா இருந்தா எல்லாம் நல்லபடி முடியும்னு நினைக்கக் கூடாது. 1941 ஜனவரி 31. ஜெபல் ஷெரீஃப் என்கிற இடத்தில் இத்தாலியப் படை ஒரு ரோந்துக் கூட்டத்தை மடக்குச்சு. தலைமை தாங்கின பாட் கிளேட்டன் பிடிபட்டார். இந்தக் கிளேட்டன் எகிப்தின் பாலைவன சர்வேயர். 1931-ல் இத்தாலியர் குஃப்ரா சோலையைப் பிடிச்சப்போ, குடும்பம் குடும்பமா அரபு மக்கள் தண்ணியில்லாப் பாலைவனத்துக்குள் தப்பி ஓடினாங்க. நிறையப் பேர் தாகத்தில் செத்தாங்க. சர்வே காரில் தேடித் தேடிப் போய், உயிரோட இருந்தவங்களை ஏத்திக்கொண்டு வந்தவர் கிளேட்டன். ஒரு காருக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது.

சண்டையில் எரிஞ்சுபோன லாரிகளுக்குப் பக்கத்தில், பாறைக்குள் ஒளிஞ்சிருந்த நாலு பேர் மிஞ்சினாங்க. ஒருத்தருக்குத் தொண்டையில் காயம், ஒருத்தருக்குக் காலில். கையில் ரெண்டு காலனுக்கும் குறைவான தண்ணி. பக்கத்துச் சோலைக்கு நடந்து சரணடைஞ்சிருக்கலாம். அவங்க வந்த டயர் தடத்தையே பிடிச்சுத் தெற்கே நடந்தாங்க. ரொனால்டு மூர் என்கிற நியூசிலாந்துக்காரர், காலில் காயத்தோட, பத்து நாளில் 210 மைல் நடந்தார். பத்தாவது நாள் பிரெஞ்சுப் படை கண்டெடுத்தப்பவும் நடந்துக்கிட்டேதான் இருந்தாராம். தொண்டையில் அடிபட்டவர் காப்பாத்தப்பட்ட பிறகு இறந்துட்டார்.

படையில் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தண்ணி ஆறு பைன்ட், நம்ம கணக்கில் மூன்றரை லிட்டருக்குக் கிட்ட. டீயும் அதிலேயே அடக்கம். அதைப் படிச்சதிலிருந்து வீட்டுக்காரி பாட்டிலை நான் கேக்கிறதில்லை.

இதே பாலைவனத்தையும் அதில் சுத்தின அல்மாஷி என்கிற ஹங்கேரிக்காரரையும் வச்சு, கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 'தி இங்லிஷ் பேஷன்ட்' நாவலை எழுதினார். சினிமா பார்த்தவங்க இருப்பீங்க. அந்த லாரிகளில் ஒண்ணை நாற்பது வருசம் கழிச்சு மணலிலிருந்து எடுத்து, துருவோட அப்படியே லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் வச்சிருக்காங்க. படத்தில் பார்த்தேன். ஓட்டை உடைசலா நிக்குது. ஒர்க்‌ஷாப் வாசலில் கிடக்கிற வண்டி மாதிரியே இருக்கு.

என் வண்டிக்கு வந்த வியாதி

தண்ணி டின் கதையைப் படிச்ச மறுநாள் காலையில் பானட்டைத் தூக்கினேன். இன்னைக்கு ஓடுற கிட்டத்தட்ட எல்லாக் காரிலும் ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். அது வேற எதுவும் இல்லை. அந்த ரெண்டு காலன் டின்னின் அதே தத்துவம்தான். சூட்டில் விரியுற கூலன்ட் அதுக்குள்ள போகும், ஆறினதும் ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கும்.

என் பாட்டில் எப்பவும் நிறைஞ்சே இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் நான் தைரியமா ஓட்டிக்கிட்டிருந்தேன். இஞ்சின் முழுசா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தா, உள்ளே மேலாக ஒரு சாண் காலி. போன தண்ணி திரும்பலை. பாட்டிலுக்குப் போற சின்ன ரப்பர் ஹோஸைக் கழட்டி வளைச்சேன். மூடி பக்கம் மயிரிழையா ஒரு வெடிப்பு. தள்ளும்போது கூலன்டு போகுது. உறிஞ்சும்போது கூலன்டுக்குப் பதில் காத்தை இழுக்குது. பேக்னால்டு கூட்டம் பயந்த அதே ஓட்டை. ஹோஸ் விலை 80 ரூபாய்.

அதை மாத்தி, மூடியும் மாத்தினேன், 350. பதினஞ்சு நாள் லோடோட ஓட்டினேன். முள் நடுவைத் தாண்டலை. ரேடியேட்டரும் மாத்தலை, ஹெட்டும் இறக்கலை. ஒர்க்‌ஷாப்காரங்க மேல எனக்குக் கோபமில்லை. ஒரு வருசமா நானும்தான் பாட்டிலை மட்டும் பார்த்துட்டுப் பானட்டை மூடினேன்.

அதுக்கப்புறம் மகனை உட்கார வச்சுப் பட்டியலைத் திருப்பி எழுதினோம்.

ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட், மேல் கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட் மாத்தினது 4,200. பின்னாடி முறிஞ்சிருந்த ஒரு பட்டைக்குப் புதுசு 3,500. கம்பெனி அளவிலேயே டயர் ரெண்டு 12,000. பேட்டரியில் ஓடுற காத்துப் பம்பும் பிரஷர் கேஜும் 3,100. 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டு 500. திருநெல்வேலியில் பழைய இரும்புக் கடையில் ரெண்டு துண்டு சேனல் சட்டம் 900. ஹோஸும் மூடியும் சேர்த்து மொத்தம் 24,630 ரூபாய். மண்வெட்டி வீட்டிலேயே இருக்கு. கூடாரத்துக்குப் பதில் பழைய தார்ப்பாயும் கோரைப் பாயும்.

பேக்னால்டு மாதிரி பானட்டையும் கதவையும் கழட்டிட்டுக் கிளம்பிராதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், கம்பெனி கொடுத்த உருவத்தை இஷ்டத்துக்கு மாத்த விடாது. நான் கழட்டினது வேற. பின்னாடி அஞ்சு வருசமாக் கிடந்த உடைஞ்ச பம்பு, ரெண்டு மூட்டை சாக்கு, துருப்பிடிச்ச சங்கிலி, யாரோ கொடுத்த இரும்பு கேட்டின் ஒரு கதவு. சந்தையில் எடை போட்டா 140 கிலோ. அத்தனை நாளும் அதைச் சும்மா சுமந்து டீசல் எரிச்சிருக்கேன்.

தை பிறந்ததும் போனோம். நான், மகன், அவன் கூட்டாளி ஒருத்தன். உவரியிலிருந்து கோடியக்கரைக்கு நாலு நாள். வாலிநோக்கம் பக்கம் ஒரு கடற்கரை மணலில் பின் டயர் இறங்குச்சு. மகன் ஆக்சிலேட்டரை மிதிக்கப் போனான். "மிதிக்காதலே"ன்னேன். காத்தை 18-க்கு இறக்கி, சட்டத்தை வச்சு, பத்து நிமிசத்தில் வெளியே எடுத்தோம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம காத்தை ஏத்தினோம். குறைஞ்ச காத்தில் வேகமாப் போனா டயர் சூடாகி வெடிச்சிரும். இதை மட்டும் நகரத்துப் பிள்ளைகள் மறந்துராதீங்க.

திரும்பி வந்ததும் பனையேறி அண்ணாச்சியைத் தேடிப் போய், கெய்ரோ கதை, இரும்புச் சட்டம் எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டார். "துரை இரும்பைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கான். அங்க பனை கிடையாதோ?"ன்னார். பாலைவனத்தில் பேரீச்சை உண்டு, ஆனா அது சோலையில்தான், வண்டி புதையுற இடத்தில் இருக்காதுன்னேன். "அப்போ சரிதான்"னுட்டு மரத்தில் ஏறிட்டார்.

சட்டம் ரெண்டும் இப்போ வண்டியிலேயே கிடக்கு. தண்ணி கேன் ரெண்டும் எப்பவும் நிறைஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும், இஞ்சின் ஆறியிருக்கும்போது, பாட்டிலைப் பார்க்கிறதோட நிறுத்தாம ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்கிறேன். உங்க வண்டியிலும் ஒருதடவை பாருங்க. சூடா இருக்கும்போது மட்டும் திறந்துராதீங்க.